கோலத்துக்குக் கீழே ஒரு கம்பி

மார்கழி மாதத்து விடியற்காலை. மாட வீதியில் பஜனைக் கோஷ்டி வருவதற்குள் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட வேண்டும் என்று வாளியைத் தூக்கிக் கொண்டு வெளியே வருகிறீர்கள். காலில் செருப்புக் கிடையாது. கோலம் போடுகிற இடத்தில் யாராவது செருப்புப் போட்டுக் கொள்வார்களா? தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டு தண்ணீரை வாரி வாரித் தெளிக்கிறீர்கள். கேட்டின் இரண்டு தூண்களிலும் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில் புள்ளி வைக்க ஆரம்பிக்கிறீர்கள்.

ஒரு கேள்வி கேட்கலாமா? அந்தத் தூண் விளக்குக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது?

"எந்த வழியாக வந்தால் எனக்கென்ன? ஸ்விட்சைப் போட்டால் எரிகிறது!" என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து கேட் வரைக்கும் தலைக்கு மேலே கம்பி எதுவும் தெரியவில்லை என்றால், அது பூமிக்குள்ளேதான் வருகிறது. நீங்கள் ஈரத் தரையில் வெறுங்காலோடு குனிந்து நிற்கிறீர்களே, அநேகமாக அதற்கு நேர் கீழேதான் வருகிறது. அந்தக் கம்பிக்கு மேலே ஈரக் காலோடு அதிக நேரம் நிற்பது யார்? கம்பி போட்ட எலெக்ட்ரீஷியன் அல்ல. அவருக்குப் பணம் எண்ணிக் கொடுத்த வீட்டுக்காரரும் அல்ல. நீங்கள்தான்! ஆகையால் இது, "ஆண்பிள்ளைகள் பார்த்துக் கொள்ளட்டும்" என்று தள்ளிவிடக்கூடிய விஷயம் அல்ல.

வாசலுக்கு விளக்கு வேண்டியதுதான். அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் தோட்டம் உள்ள வீடுகளில் செடிக்குச் செடி விளக்கு வைக்கிறார்கள். தியாகராய நகரில் பழைய பங்களாவை இடித்து அடுக்குவீடு கட்டினால், கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற பாதை நெடுக விளக்கு. மயிலாப்பூரில் கை அகலத் தோட்டம் இருந்தாலும் துளசி மாடத்துக்கு ஒரு விளக்கு. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. திருட்டுப் பயமும் குறைகிறது. கம்பியைக் காற்றில் தொங்க விடாமல் மண்ணுக்குள் புதைப்பதும் நல்ல யோசனையே. ஆனால் புதைப்பது வேறு, மறைப்பது வேறு. புதைத்த கம்பியை வீட்டார் மறந்து போனால் அங்கேதான் ஆபத்து ஆரம்பமாகிறது.

தெருவில் நடந்தது

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2017-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, கொடுங்கையூரில் மழைத் தண்ணீரில் விளையாடப் போன இரண்டு சிறு பெண் குழந்தைகள் மின்சாரம் பாய்ந்து இறந்து போனார்கள். 2019 செப்டம்பரில் முகலிவாக்கத்தில், மழைநீர் தேங்கிய தெருவில், புதைத்து வைத்த கேபிளை மிதித்த 14 வயதுப் பள்ளி மாணவன் வீடு திரும்பவில்லை. 2025 ஆகஸ்டு 23-ஆம் தேதி, கண்ணகி நகரில் விடிவதற்கு முன்னே வேலைக்குக் கிளம்பிய ஒரு தூய்மைப் பணியாளர், தேங்கிய தண்ணீரில் கால் வைத்தார். அந்தத் தண்ணீரில் மின்சாரம் கசிந்திருந்தது. நம் தெருக்களைக் கூட்டிச் சுத்தம் செய்ய வந்த அந்தத் தாய் அங்கேயே விழுந்தார்.

இவை எல்லாம் தெருவில் நடந்தவை. வீட்டுத் தோட்டத்தில் அல்ல. உண்மைதான். ஆனால் இது தெரு, இது வீடு என்று மண்ணுக்குத் தெரியுமா? காம்பவுண்ட் சுவருக்கு வெளியே இருக்கிற மண்தான் உள்ளேயும் இருக்கிறது. வெளியே பெய்கிற மழைதான் உள்ளேயும் பெய்கிறது. தெருக் கேபிளுக்காவது சொல்லிக் கேட்பதற்கு ஓர் இலாகா உண்டு. நம் வீட்டுத் தோட்டத்துக் கேபிளுக்கு நம்மை விட்டால் நாதி கிடையாது.

மண்ணுக்குள் மின்சாரம் கொண்டு போவதில் நம் ஊருக்கு ஒரு பழைய அனுபவம் கூட உண்டு. 1895-ஆம் வருஷம் மே 7-ஆம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். தலைக்கு மேலே கம்பி கட்டாமல், தெருவிலேயே பள்ளம் வெட்டி அதற்குள் மின்சாரக் கம்பியைப் போட்டார்கள். வெயில் காலம் முழுவதும் சரியாகத்தான் ஓடிற்று. ஐப்பசி, கார்த்திகை வந்ததே! பள்ளத்துக்குள் தண்ணீர் புகுந்து கொண்டது. கடைசியில் அந்த முறையையே கைவிட்டு மேலே கம்பி கட்டினார்கள். 1953 ஏப்ரலில் டிராம் நிற்கும் வரையில் மேல்கம்பிதான். மண்ணுக்குள் கம்பி போடுகிறவர் முதலில் மழையை நினைத்துக் கொள்ள வேண்டும் என்ற பாடத்தை நம் ஊர் அப்போதே படித்துவிட்டது.

ஒரு குட்டி பல்பின் கணக்கு

மின்சாரம் எவ்வளவு இருந்தால் ஆளைக் கொல்லும்? பெரிய மோட்டாருக்குப் போகிற அளவு வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள்.

மின்சார ஓட்டத்தை ஆம்பியர் என்ற அளவில் அளக்கிறார்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். நம் உடம்பு வழியாக 1 மில்லி ஆம்பியர் போனால் லேசாகச் சுரீர் என்கிறது. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத் தசைகள் இறுகிப் போய், பிடித்த பொருளை விட முடிவதில்லை. 30 மில்லி ஆம்பியர் சற்று நேரம் தொடர்ந்து போனால் மூச்சும் இருதயமும் தடுமாறும். உங்கள் தோட்டத்தில் எரிகிறதே 9 வாட் எல்.இ.டி. பல்பு, அது இழுப்பது சுமார் 40 மில்லி ஆம்பியர். அதாவது, அந்தச் சின்ன பல்பை எரிய வைக்கிற மின்சாரம் ஒரு மனித உயிரை அணைக்கவும் போதும்!

"அதற்குத்தான் ஃபியூஸ் இருக்கிறதே, பட்டென்று போய்விடாதா?" என்பீர்கள். பழைய ஃபியூஸுக்குப் பதில் இப்போது வீடுகளில் எம்.சி.பி. என்ற தானியங்கி ஸ்விட்ச் வைக்கிறார்கள். விளக்குகளுக்கு வைக்கிற சாதாரண எம்.சி.பி. 6 ஆம்பியர் தாங்கும். அதாவது 6,000 மில்லி ஆம்பியர். ஆளைத் தடுமாற வைக்கும் 30 மில்லி ஆம்பியரைப் போல இது 200 மடங்கு. ஆகவே ஒருவருக்கு ஷாக் அடிக்கிறபோது எம்.சி.பி. அசையவே அசையாது. அது கம்பியையும் வீட்டையும் நெருப்பிலிருந்து காப்பாற்ற வந்தது. ஆளைக் காப்பாற்ற வந்ததல்ல.

ஆளைக் காப்பாற்ற வேறொரு கருவி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்று பெயர். கசிவுக் காவல் என்று வைத்துக் கொள்ளுங்களேன். போகிற கம்பியில் எவ்வளவு மின்சாரம் போயிற்று, திரும்புகிற கம்பியில் எவ்வளவு வந்தது என்று இது இடைவிடாமல் கணக்குப் பார்க்கிறது. பால்காரர் கணக்கை நீங்கள் பார்க்கிற மாதிரி! போனது 100, வந்தது 70 என்றால் நடுவே 30 எங்கேயோ கசிகிறது. மண்ணுக்குள் போகிறதோ, ஓர் ஆள் வழியாகப் போகிறதோ, அது விசாரித்துக் கொண்டு நிற்காது. ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் மின்சாரத்தை வெட்டிவிடும். வாங்கும்போது "30 மில்லி ஆம்பியர்" என்று கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்றும் விற்கிறார்கள். அவை நெருப்பைத் தடுக்க உதவும், ஆளுக்கு உதவா.

தோட்டத்துக்கும் கேட்டுக்கும் போகிற லைனுக்கு என்று தனியாக ஒரு ஆர்.சி.சி.பி., தனியாக ஓர் எம்.சி.பி. வைக்கச் சொல்லுங்கள். இதனால் இரண்டு லாபம். மழையில் தோட்டத்துக் கேபிள் தகராறு செய்தால் வீடு முழுவதும் இருட்டாகாது. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னவுடன் வெளி லைனை மட்டும் நீங்களே அணைத்து விடலாம்.

அந்தக் கருவியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை, மளிகைச் சாமான் வாங்குகிற நாளை நினைவு வைத்துக் கொண்டு, அதை அழுத்திப் பாருங்கள். 'டக்'கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அந்தக் காவல்காரன் தூங்கிவிட்டான். அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

பள்ளம் எவ்வளவு ஆழம்?

இனி மண்வெட்டியைக் கையில் எடுக்கலாம். நாம் எடுக்க வேண்டாம். எடுக்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கொண்டால் போதும். பேச்சு அநேகமாக இப்படித்தான் நடக்கும்:

"ஏம்ப்பா, பள்ளம் எவ்வளவு ஆழம் எடுக்கப் போறே?"

"அரை அடி எடுத்தாப் போதும்மா. மேலே சிமெண்ட் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாதுங்கறதுதானே என் பயமே! நாளைக்குத் தோட்டக்காரர் வாழைக்கன்று வைக்கக் கடப்பாரை போட்டா?"

"அவருகிட்டே பார்த்துப் போடச் சொல்லுங்கம்மா."

"மண்ணுக்குள்ளே இருக்கிறதை எந்தக் கண்ணாலேப்பா பார்க்கிறது?"

இதற்குப் பதில் வராது. வராவிட்டால் பரவாயில்லை. இந்திய தர நிர்ணயம், ஐ.எஸ். 1255 என்ற விதிநூலில் பதில் சொல்லியிருக்கிறது. வீட்டு மின்சாரம் போன்ற குறைந்த அழுத்தக் கேபிளைப் புதைக்க 75 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். நம் கணக்கில் இரண்டரை அடி. அமெரிக்காவிலும் நேரே மண்ணில் புதைக்கிற கேபிளுக்கு 24 அங்குலம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மண்வெட்டியும் களைக்கொத்தும் சாதாரணமாகப் போகிற ஆழத்துக்குக் கீழே கம்பி இருக்க வேண்டும் என்பதுதான் இதன் தாத்பரியம்.

பள்ளத்தில் கேபிளை அப்படியே போட்டு மண்ணைத் தள்ளிவிடக் கூடாது. கல்லும் ஓட்டாஞ்சல்லியும் கேபிளின் தோலை மெல்ல மெல்லக் கிழித்துவிடும். முதலில் சுமார் 8 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சலித்த மணல். அதன் மேல் கேபிள். அதற்கு மேலும் அதே அளவு மணல். மணலின் மேல் வரிசையாகச் செங்கல். பிறகு கல் பொறுக்கிய மண். பாதி ஆழம் வந்ததும் 'அபாயம், மின்சாரம்' என்று அச்சடித்த பிளாஸ்டிக் நாடாவை நெடுக விரிக்க வேண்டும். பிறகு மீதி மண். யாராவது தோண்டினால் முதலில் நாடா வரும், அப்புறம் செங்கல் வரும். இரண்டு எச்சரிக்கையையும் தாண்டி ஒருவர் தோண்டுவாரா?

தண்ணீர்க் குழாய், டெலிபோன் கேபிள், இன்டர்நெட் கேபிள் இவற்றிலிருந்து மின்சாரக் கேபிள் ஓர் அடியாவது தள்ளிப் போக வேண்டும். கார் ஏறி இறங்குகிற இடத்தில் கனமான குழாய்க்குள் விட்டு, இன்னும் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

எந்தக் கேபிள்?

வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற சாதாரண ஒயரை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்துப் புதைத்துவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. "குழாய் இருக்கிறதே, தண்ணீர் எப்படிப் போகும்?" என்பார்கள். போகும். மூட்டு வழியாகப் போகும். முனை வழியாகப் போகும். ஒன்றும் இல்லாவிட்டால் குழாய்க்குள் இருக்கிற காற்றே இரவுக் குளிரில் வியர்த்துத் தண்ணீராகும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஒரு தோல் மட்டும் உள்ள ஒயர் வருஷக்கணக்காக அதில் ஊறிக் கிடக்கும்.

மண்ணுக்கு என்றே செய்த கேபிள் இருக்கிறது. ஆர்மர்ட் கேபிள் என்று கடையில் கேளுங்கள். உள்ளே மூன்று கம்பிகள். அவற்றைச் சுற்றி ஓர் உறை. அதன் மேல் எஃகுக் கம்பியால் ஒரு கவசம். அதற்கும் மேலே கனமான வெளித்தோல். சாதாரண வீட்டுத் தோட்டத்து விளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் தாராளம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 1554 என்ற எண்ணும் கேபிளின் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எஃகுக் கவசம் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, பெருச்சாளியிடமிருந்து காப்பாற்றுகிறது. சென்னைப் பெருச்சாளியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! இரண்டாவது இன்னும் முக்கியம். கவசத்தைச் சரியாக எர்த்தோடு இணைத்திருந்தால், கடப்பாரை கேபிளைக் குத்துகிற அந்தக் கணத்திலேயே மின்சாரம் கவசத்தின் வழியாகப் பூமிக்குப் பாய்ந்து, ஸ்விட்ச் விழுந்துவிடும். எர்த் கொடுக்காத கவசம் வெறும் இரும்புச் சட்டைதான்.

எர்த் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்றாவது கம்பி, பச்சை நிறக் கம்பி, கடைசி விளக்கு வரைக்கும் போக வேண்டும். "பல்புக்கு இரண்டு கம்பி போதும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். விளக்குக் கம்பமும் இரும்பு, கேட்டும் இரும்பு. உள்ளே ஓர் ஒயர் தோலுரிந்தால் அந்த இரும்பு முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். காலையில் கேட்டைத் தொடுகிறவர் பால்காரர், அப்புறம் பூக்காரம்மா, அப்புறம் பள்ளிக்கூடம் போகிற உங்கள் வீட்டுக் குழந்தை.

வீட்டுப் பக்கத்தில் எர்த் குழி என்று ஒன்று, உப்பும் கரியும் போட்டு மூடி, சின்னச் சிமெண்ட் தொட்டி மாதிரி இருக்கும். மண் காய்ந்தால் அது வேலை செய்யாது. கோடையில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம் ஊற்றி வையுங்கள்.

நம் பேட்டை மண்

சென்னையில் எல்லாப் பேட்டையும் ஒரே மண் அல்ல. தியாகராய நகர் பிறந்ததே ஓர் ஏரியின் வயிற்றில். மயிலாப்பூர் பக்கத்திலிருந்து நீண்டு கிடந்த பெரிய ஏரியை உடைத்து, 1923-லிருந்து 1925-க்குள் அந்த நகரை அமைத்தார்கள். மேலே தார் ரோடு, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை எல்லாம் வந்துவிட்டன. கீழே மண் இன்னும் ஏரி மண்தான். ஒரு மழைக்குத் தேங்கிய தண்ணீர் சீக்கிரம் இறங்காது. அங்கே கேபிள் நாள்கணக்கில் ஈரத்தில் கிடக்கும்.

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் மணல் பூமி. தண்ணீர் இறங்கிவிடும்; ஆனால் உப்புக் காற்று. விளக்கின் திருகாணி, பெட்டியின் மூடி, எர்த் இணைப்பு எல்லாம் இரண்டே வருஷத்தில் துரு ஏறி நிற்கும். போதாக்குறைக்கு ஆறும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள்ளேயே வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் நகரத்தில் எத்தனையோ தெருக்கள் தண்ணீரில் கிடந்தன.

ஆகையால் நம் ஊருக்கு இரண்டு தனி விதிகள். முதலாவது, மண்ணுக்குள் கேபிளில் ஒட்டு இருக்கவே கூடாது. பெட்டியிலிருந்து முதல் விளக்குக்கு ஒரே துண்டு. அங்கிருந்து அடுத்த விளக்குக்கு ஒரே துண்டு. இணைப்பெல்லாம் தரைக்கு மேலே, கம்பத்துக்குள்ளோ சுவர்ப் பெட்டியிலோதான். ஒட்டுப் போட்டு டேப் சுற்றிப் புதைத்தால் நாளைக்குத் தண்ணீர் முதலில் தேடிப் போவது அந்த இடத்தைத்தான். இரண்டாவது, உங்கள் வீட்டு வாசலில் இதுவரை தண்ணீர் நின்ற அதிக உயரம் எதுவோ, அதற்கும் இரண்டடி மேலே ஸ்விட்ச் பெட்டியும் இணைப்புப் பெட்டியும் இருக்கட்டும். அந்த உயரம் எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியாது. வெள்ளத்தன்று குழந்தைகளைக் கட்டில் மேல் ஏற்றி உட்கார வைத்த உங்களுக்குத்தான் தெரியும்!

விளக்கு வாங்கும்போது 'ஐ.பி.' என்று ஓர் எண் போட்டிருக்கும். 65 என்றால் நாலாபுறமும் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஆனால் முழுகினால் தாங்கும் என்று அர்த்தமில்லை. தரையோடு பதிக்கிற விளக்குக்கு 67 கேளுங்கள். அது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் விடாது. அரை மணி நேரம் என்பதையும் கவனியுங்கள். நம் ஊர் வெள்ளம் அரை மணியில் வடிகிறதா?

வேலை செய்கிறவர் அரசாங்கத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வாங்கியவராக இருக்கட்டும். பள்ளத்தை மூடுவதற்கு முன்னால் மெக்கர் என்ற கருவியை வைத்துக் கேபிளின் காப்புச் சக்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது; புதுக் கேபிள் அதைவிட எவ்வளவோ அதிகம் காட்டும். மூடிய பிறகு மறுபடியும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மூடும்போது கல் குத்தியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

புள்ளி வைத்தவருக்குப் படம் பெரிதா?

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் செய்து, அந்தக் கேபிள் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாவிட்டால் பாதிப் பலன் போயிற்று.

ஒரு வீட்டு வாசலை எத்தனை தடவை தோண்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் மழைநீர் சேமிப்பு வேண்டும் என்று சட்டம் வந்தது, குழி தோண்டினோம். சம்ப் கட்டினோம், தோண்டினோம். சாக்கடைக் குழாய் அடைத்துக் கொண்டது, தோண்டினோம். இன்டர்நெட்காரர் வந்தார், தோண்டினார். பெண்ணுக்குக் கல்யாணம், பந்தக்கால் நட்டோம். நல்ல நேரம் பார்த்தோம், மாவிலை கட்டினோம், மஞ்சள் குங்குமம் இட்டோம். கடப்பாரை இறங்கிய இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. பந்தக்கால் நடுவது பெரும்பாலும் கேட்டுக்குப் பக்கத்தில்தான். விளக்குக் கம்பி வருவதும் அங்கேதான்.

ஆகவே, பள்ளம் திறந்திருக்கும்போதே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஓர் அளவு நாடாவும் ஒரு காகிதமும் எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டின் மூலை ஒரு புள்ளி. கேட்டின் தூண் ஒரு புள்ளி. கிணறு இருந்தால் அது ஒரு புள்ளி. இடம் மாறாத பொருள்களாகப் பார்த்துப் புள்ளி வையுங்கள். தென்னை மரத்தை நம்ப வேண்டாம், நாளைக்கு வெட்டிவிடுவார்கள். கேபிள் திரும்புகிற ஒவ்வோர் இடமும் சுவரிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள். பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். அளவு நாடாவைப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்தே எடுங்கள்.

அந்தக் காகிதத்தில் போட்ட தேதி, கேபிளின் அளவு, எந்த ஸ்விட்ச் அதை அணைக்கும் என்பதையும் எழுதி, ஒரு பிரதியை மெயின் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். இன்னொன்றை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அடுக்குவீட்டில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "நம் தோட்டத்து ஒயரிங் படம் எங்கே? கசிவுக் காவல் பொருத்தியாயிற்றா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கூட்டம் கொஞ்ச நேரம் நிசப்தமாக இருக்கும். பரவாயில்லை, நல்ல நிசப்தம்தான்.

மழைக்கு முன்னும் பின்னும்

ஐப்பசி பிறப்பதற்குள் வருஷம் ஒரு தடவை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேபிளைச் சோதியுங்கள். வாசலில் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் வெளி லைனை அணைத்து விடுங்கள். வடிந்த பிறகு சோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள். கசிவுக் காவல் அடிக்கடி விழுகிறது என்றால், "இது ஒரு தொல்லை" என்று அதைக் கழற்றச் சொல்லாதீர்கள். நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டுகிற கதை அது!

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் பதறி ஓடித் தொடாதீர்கள். தாய்க்கு அது கஷ்டம்தான். ஆனால் தொட்டால் இருவர் விழுவார்கள். முதலில் மெயினை அணையுங்கள். அணைத்த பிறகு, மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் பலமாக அழுத்திக் கொண்டேயிருங்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். 2025 ஏப்ரலில் அரும்பாக்கத்தில் மழைத் தண்ணீரில் மின்சாரம் தாக்கி விழுந்த ஒரு பள்ளிச் சிறுவனை, அந்த வழியாகப் போன இளைஞர் ஒருவர் இழுத்து வெளியே போட்டு முதலுதவி செய்தார், பையன் பிழைத்தான். அந்த முதலுதவியை நாம் எல்லோருமே கற்றுக் கொள்ளலாம். தெருத் தண்ணீரில் மின்சாரம் என்று சந்தேகம் வந்தால் கிட்டே போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

"இத்தனை சிரமமா? இரண்டரை அடி தோண்ட என் வீட்டில் இடமே இல்லையே!" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கும் வழி இருக்கிறது. 12 வோல்ட் விளக்குகள் வந்திருக்கின்றன. வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து தோட்டத்துக்குப் போவது 230 வோல்ட் அல்ல, 12 வோல்ட்தான். கடப்பாரை பட்டால் விளக்கு அணையும். ஆளுக்கு அபாயம் மிகக் குறைவு. ஆனால் டிரான்ஸ்பார்மர் பாதுகாப்பு வகையாக, இரண்டு பக்கத்துச் சுருளும் ஒன்றோடொன்று தொடாதபடி தனித்தனியே சுற்றியதாக இருக்க வேண்டும். துளசி மாடத்துக்கு ஒரு சூரிய விளக்கு வைத்துவிட்டால் கம்பியே வேண்டாம். சின்னத் தோட்டத்துக்கு இவற்றைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன்.

பெரியவர்கள் வீட்டை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும்போது சாவிக் கொத்தைக் கொடுக்கிறார்கள். எந்தப் பரணில் என்ன பாத்திரம், எந்தப் பெட்டியில் யாருடைய நகை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இனிமேல் அந்தப் பட்டியலில் வாசல் கம்பியின் படத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மண்ணுக்குள் புதைந்திருக்கும் கம்பிக்கு வாய் கிடையாது. அதற்காகப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.